வாசல் தெளிந்தால் போதாது

தலைமை தாங்கும் தனபாலன் அவர்களே, கணவரை இழந்து முன்வரிசையில் பிள்ளைகளோடு இருக்கும் திலகம் அக்கா அவர்களே, மழையையும் பாராமல் இந்த மெல்பேர்ன் டண்டினொங் மண்டபத்துக்கு வந்து, கதிரை போதாமல் சுவரோரம் நிற்கும் அன்பு நெஞ்சங்களே! ஜெயரட்ணம் பேசுகிறேன். குகைச் சுழியோடிகள் கழகத்தில் பொறியியலாளர் கேதீஸ்வரன் அவர்களோடு எண்பத்தைந்தாம் ஆண்டிலிருந்து நீந்தியவன்.

எங்கள் கேதீஸ் அண்ணை போய்விட்டார். போன ஞாயிறு விடிய, ஸ்பிரிங்வேல் வீட்டில், சொந்தக் கட்டிலில், நித்திரையிலேயே கண்ணை மூடிவிட்டார். யோசித்துப் பாருங்கள்! மலைக்கு அடியில், கும்மிருட்டில், முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு நீந்தித் திரிந்த மனிதர் கட்டிலில் கண்ணை மூடினார். குகைச் சுழியோடி ஒருவருக்கு இதைவிடப் பெரிய பட்டம் உண்டா? பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படத் தெரிந்தவர் அவர்.

சுழியோடாதவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். கிப்ஸ்லாந்து பக்கம் நாங்கள் போகிற ஊற்று, ஆற்றங்கரையில் ஒரு பாறைக் குகையின் வாய். சாதாரண நாளில் குகைத் தண்ணீர் வெளியே வந்து ஆற்றில் விழும். ஆறு பெருகி ஊற்றைவிட உயர்ந்தால் எல்லாம் தலைகீழ்! ஆறு குகைக்குள் பாயும். சேறு, சருகு, மரக்கொப்பு எல்லாம் உள்ளே போகும். நாங்கள் திரும்பி வரப் பிடித்துக்கொள்கிற வழிகாட்டிக் கயிறு அறுந்துபோகும், அல்லது சேற்றில் புதைந்துபோகும். ஆறு வடிந்ததும் ஊற்று மறுபடி வெளியே தள்ளும். முதலில் தெளிவது வாசல்தான். உள்ளே சேறு அப்படியே படுத்திருக்கும். காலால் ஒரு உதை உதைத்தால் போதும், சேறு கிளம்பிச் சொந்தக் கையே தெரியாது.

எத்தனை தரம் சொன்னார்! "வாசல் வடிவாத்தான் இருக்கும். உள்ளுக்கு என்ன கிடக்கெண்டு தெரியுமோ?" என்று எத்தனை தரம் எங்களை மறித்தார்! விடியற்காலையில் எழும்பி அவ்வளவு தூரம் கார் ஓட்டி வந்தவர்களை, ஆற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "போய்ட்டு வாங்கோ" என்று திருப்பி அனுப்புவார். அதற்காக எங்களிடம் அவர் ஏச்சு வாங்காத வெள்ளமே இல்லை. வாரக்கணக்கில் பொறுத்திருந்து, பிறகு தானே முதல் ஆளாக இறங்குவார். கையுறை போடமாட்டார். கயிற்றின் நைவு வெறுங்கைக்குத்தான் தெரியும் என்பார். அப்படித் தடவி முடித்த பிறகுதான் எங்களுக்கு அனுமதி.

தொண்ணூற்று மூன்றில் அந்தச் சொல்லைக் கேட்காதவர்கள் இருவர். தம்பி சேகர், தம்பி பீட்டர். இருவரும் இதோ இருக்கிறார்கள், வெட்கப்படட்டும்! வாசல் கண்ணாடிபோலக் கிடந்தது, இறங்கிவிட்டார்கள். அண்ணை வந்து சேர்ந்தபோது குகை உள்ளேயிருந்து சேற்றைக் கக்கிக்கொண்டிருந்தது. உடனே அண்ணை புதுக் கயிற்றின் நுனியை வெளியே மரத்தில் கட்டிவிட்டு, சுவரைத் தடவிக்கொண்டு உள்ளே போனார். திலகம் அக்கா கரையில் நின்றார். நானும் பக்கத்தில் நின்றேன். அந்த மரத்தில் கட்டிய முடிச்சை அக்கா கையால் பொத்திப் பிடித்திருந்தார், அது கழன்றுவிடும் என்பதுபோல.

மூன்று பேரும் வந்தார்கள். அண்ணை சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? "முதல்ல தேத்தண்ணியைக் குடியுங்கோ. பிறகு ஏசுறன்." ஏசினார்! மெல்பேர்ன் வந்து சேரும்வரை ஏசினார்.

இப்போது நான் ஒரு கசப்பான விஷயம் பேச வேண்டும். இரங்கல் கூட்டத்தில் இதைப் பேசலாமா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். சுளிக்கட்டும்.

தம்பி சேகர், கேதீஸ் அண்ணையின் பெயரைக் கல்லில் வெட்டுவித்திருக்கிறார். வருகிற சனிக்கிழமை கழகத்து இளைஞர்கள் அதைக் குகையின் கடைசி அறையில் கொண்டுபோய் வைக்கப் போகிறார்களாம். இந்த மழையில் பெருகிய ஆறு வடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. இந்த மண்டப வாசலில் வைத்துச் சேகரை மறித்துக் கேட்டேன். "அண்ணே, நேத்துப் போய்ப் பாத்தேன், தண்ணி சூப்பரா இருக்கு. அவருக்கு இதுகூடச் செய்யலேன்னா எப்படிண்ணே?" என்று அழுதார். அந்தக் கண்ணீர் உண்மை. அன்பிலே குறையில்லை. ஆனால் தம்பி, எந்தத் தண்ணீரை நீ பார்த்தாய்? வாசலைத்தானே பார்த்தாய்? இந்த முறை மரத்தில் கயிறு கட்டிவிட்டு உன்னைத் தேடி வர யார் இருக்கிறார்? திலகம் அக்காவை இன்னொரு தரம் அந்தக் கரையில் நிறுத்தவா போகிறாய்?

தலைவர் அவர்களே! அண்ணையின் பணியைத் தொடர்வோம் என்று இங்கே பேசியவர்கள் எல்லோரும் சொன்னீர்கள். அவருடைய பணி என்ன? நீந்துவதா? நீந்த இந்த நாட்டில் ஆயிரம் பேர் உண்டு. பொறுத்திருப்பதும் மறிப்பதும்தான் அவர் பணி. இனி அதை நான் செய்வேன். சனிக்கிழமை விடியவே போய் அந்த ஊற்று வாசலில் நிற்பேன். வருகிறவர்கள் என்னை ஏசலாம், தள்ளலாம், நகரமாட்டேன். சேகர், கல்லைக் காரில் ஏற்றாதே. என் பக்கத்தில் வந்து நில். உள்ளே தெளிகிற நாளில், கயிறு முழுவதையும் வெறுங்கையால் தடவிப் பார்த்த பிறகு, நாம் சேர்ந்து கொண்டுபோவோம். இது நான் இந்தச் சபைக்கும் திலகம் அக்காவுக்கும் கொடுக்கும் வாக்கு.

கேதீஸ்வரன் என்ற மனிதரை மறக்கக்கூடாது என்கிறீர்கள். சரி. அவரை நினைத்திருக்க முதலில் நாங்கள் உயிரோடு இருக்க வேண்டும்!