தொண்டையில் காய்ப்பு

டாக்டர்: இன்னொரு தடவை பாடுங்க. அதே வரி. தோளைத் தூக்காம.

பாடகி: தூக்கலையே டாக்டர்.

டாக்டர்: எதிர்ல கண்ணாடி இருக்கு, பாருங்க. தோள் காதைத் தொடுது.

கணவன்: மேடையிலயும் இப்படித்தான். நான் ஏதாவது சொன்னா கோவம் மட்டும் வரும்.

பாடகி: நீங்க கொஞ்சம் வாயை மூடுங்க.

டாக்டர்: மூட வேண்டியது நீங்கம்மா. நாளைக் காலையிலேருந்து மூணு வாரம்.

பாடகி: மூணு... மூணு நாள்னு இல்ல நினைச்சேன்.

டாக்டர்: வாரம். பாட்டு, பேச்சு ரெண்டும் கிடையாது.

பாடகி: குசுகுசுன்னு பேசலாம்ல?

டாக்டர்: அதுவும் கூடாது. அதுக்கும் தொண்டை இறுகும். எழுதிக் காட்டுங்க.

கணவன்: மூணு வாரம் இவ பேசாம... வீடு வீடாவே இருக்காதே.

பாடகி: சனிக்கிழமை நிகழ்ச்சி இருக்கு டாக்டர். மண்டபத்துல டிக்கெட்டு எல்லாம் போயாச்சு. அதை மட்டும் முடிச்சுட்டு...

டாக்டர்: இங்க வாங்க. திரையைப் பாருங்க. காலையில கேமரா விட்டு எடுத்தது.

பாடகி: என்ன இது?

டாக்டர்: உங்க குரல் நாண்.

பாடகி: இது... என்னோடதா? வேற யாரோடதாவது மாறிப் போயிருக்கா பாருங்களேன்.

டாக்டர்: மாறலம்மா. ரெண்டு பக்கமும் வெள்ளையா முட்டிக்கிட்டு நிக்குது பாருங்க. காய்ப்பு. கடப்பாரை பிடிச்ச கையில காய்க்குமே, அந்த மாதிரி.

பாடகி: நான் எங்க டாக்டர் கடப்பாரை பிடிச்சேன்?

டாக்டர்: பிடிச்சிருக்கீங்க. ஒரு வருஷமாவது ஆகியிருக்கும். சனிக்கிழமையும் பிடிச்சீங்கன்னா அப்புறம் கத்திதான். அதுக்கு மேல, குரல் திரும்பி வரும்னு நான் எழுதித் தர மாட்டேன்.

கணவன்: உட்காரு. உட்காரு முதல்ல.

டாக்டர்: எனக்கு ஒண்ணுதான் புரியல. இப்ப இங்க உட்கார்ந்து பாடினீங்க. தோளைத் தவிர மத்தது மோசமில்ல. மூச்சு வயித்துலேருந்து வருது, தாடை தளர்வா இருக்கு. ஆனா சார் கொடுத்த மேடை வீடியோவுல கழுத்து நரம்பெல்லாம் புடைச்சுக்கிட்டு நிக்குது. ஏன்?

கணவன்: கூட்டம் இருக்குல்ல டாக்டர். உற்சாகத்துல...

டாக்டர்: இவங்க பன்னண்டு வருஷமா மேடையில பாடறாங்க, கூட்டம் எப்பவும் இருக்கு சார். அந்த வீடியோவை நீங்க பாத்தீங்களாம்மா?

பாடகி: நான் வீடியோ பாக்கறதில்ல.

டாக்டர்: தன் குரல் தனக்குக் கேக்காதவங்கதான் இப்படித் தள்ளுவாங்க.

பாடகி: எனக்கு நல்லாவே கேக்குமே. மேடையில காதுல இயர்போன் மாட்டியிருப்பேன்ல, அதுல வரும். கீழ சவுண்டு மிக்சர்ல உட்கார்ந்து இவர்தான் அனுப்புறார்.

டாக்டர்: எப்படிக் கேக்கும்?

பாடகி: சுத்தமா. பிசிறே இல்லாம.

டாக்டர்: பிசிறு இல்லாமலா? இந்தத் தொண்டையிலேருந்தா? சார்.

கணவன்: கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?

டாக்டர்: பக்கத்துலயே இருக்கு. சார், இவங்க காதுக்கு நீங்க என்ன அனுப்புறீங்க?

கணவன்: இவ குரல்தான். வேற என்ன...

டாக்டர்: சார்.

கணவன்: போன வருஷம் ஒரு நிகழ்ச்சியில மேல் வரியில குரல் உடைஞ்சுது. மேடைக்குப் பின்னாடி, பெட்டி அடுக்கற இடத்துல உட்கார்ந்து அழுதா. இனிமே பாட மாட்டேன்னா. நாலு நாள் சரியா சாப்பிடல. அதனால...

பாடகி: அதனால?

கணவன்: உன் காதுல மட்டும் உன் குரலைக் குறைச்சேன்.

பாடகி: எவ்வளவு?

கணவன்: முழுசா.

டாக்டர்: முழுசாவா... அப்ப இவங்களுக்குக் கேட்டது?

கணவன்: இவ குரல்தான் டாக்டர், சத்தியமா. மூணு வருஷத்துக்கு முன்னாடி ஸ்டூடியோவுல பாடினது. வாத்தியமெல்லாம் கம்ப்யூட்டர் தாளத்துல ஓடறதால அதுவும் சேர்ந்தே ஓடிச்சு. சனங்களுக்குக் கேட்டது நிஜக் குரல். அவங்களை நான் ஏமாத்தல.

டாக்டர்: இருபது வருஷமா தொண்டை பாக்கறேன். இப்படி ஒண்ணு கேள்விப்பட்டதே இல்ல.

கணவன்: அப்படி மாத்தி விட்ட முதல் நாள் ராத்திரி வண்டியில வாய் ஓயாம பேசிக்கிட்டு வந்தா டாக்டர். அவ அப்படிப் பேசி மாசக்கணக்காச்சு. அதைப் பாத்துட்டு, சரி, இப்படியே போகட்டும்னு...

டாக்டர்: தன் குரல் கேக்கலைன்னா உடம்பு சும்மா இருக்குமா சார்? தள்ளு தள்ளுன்னு தள்ளும். அதுவும் எதைப் பிடிக்க ஓடியிருக்காங்க? மூணு வருஷத்துக்கு முந்தின தொண்டையை. இந்தக் காய்ப்பு...

கணவன்: நானா? நான்தானா டாக்டர்? காதுக்குத்தானே அனுப்பினேன்... தொண்டைக்குப் போகும்னு எனக்குத் தெரியாதே. பதினஞ்சு வருஷம் மிக்சர்ல உட்கார்ந்திருக்கேன், இது தெரியலையே எனக்கு.

டாக்டர்: அழாதீங்க சார். மூணு வாரம் மௌனம். அப்புறம் தண்ணிக்குள்ள குழலை விட்டு ஊதி ஊதிப் பழகணும், ஆவி பிடிக்கணும். ஆறு வாரம் கழிச்சுத் திரும்பப் பாக்கலாம். காதுல மாட்டறது இனிமே ஒரு காதுலதான். இன்னொண்ணு திறந்தே இருக்கணும். ஏம்மா, நீங்க ஒண்ணுமே சொல்லலையே?

பாடகி: என்னத்தைச் சொல்ல.

கணவன்: திட்டு. எழுந்து ரெண்டு அறை வேணா விடு. சும்மா உட்கார்ந்திருக்காத.

பாடகி: ரெண்டாவது சரணத்துல, மூச்சு எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு சின்னச் சிரிப்பு வரும்.

கணவன்: எதுல?

பாடகி: அந்தப் பழசுல. பதிவு பண்றப்போ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீங்க மூஞ்சியைக் கோணிக் காட்டினீங்க. அடக்க முடியாம சிரிச்சுட்டேன். அதை வெட்டாம அப்படியே விட்டுட்டீங்க.

கணவன்: ஆமா... அதுக்கு?

பாடகி: மேடையில நான் சிரிக்கல. காதுல சிரிப்பு வந்துச்சு.

கணவன்: எப்போ?

பாடகி: முதல் நாளே.

டாக்டர்: முதல் நாளே தெரியுமா? தெரிஞ்சுக்கிட்டேவா ஒரு வருஷம்... ஏம்மா, கழட்டிப் போட வேண்டியதுதானே?

பாடகி: ஒரு தடவை கழட்டினேன் டாக்டர், பாதிப் பாட்டுல. மண்டபம் முழுக்க யாரோ கரகரன்னு கத்தறது கேட்டுச்சு. பயந்து போய்த் திரும்ப மாட்டிக்கிட்டேன். கீழ இவர் ஒண்ணும் நடக்காத மாதிரி கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார், நானும் காட்டினேன்.