ராணி தங்கின ரூம்

ஒரு ஆணி சார்... ஒரே ஒரு ஆணி. என் வீட்டுச் செவுத்துல, என் சட்டைய மாட்ட, நான் அடிக்கக் கூடாதாம். அப்படின்னு எழுதின போர்ட மட்டும் தொல்லியல் துறைக்காரங்க நாலு ஆணி அடிச்சு மாட்டிட்டுப் போயிட்டாங்க. வாளியக் கீழ வைங்க சார், வெந்நீர் அவ்ளோ சீக்கிரம் ஆறாது. சரி, இந்த மலைக் குளிர்ல ஆறும்தான். சுருக்கமா சொல்லிடறேன்.

இந்த ஊரு ஒரு காலத்துல தலைநகரம். ராஜா மலையேறி வந்து கோட்டை கட்டினாரு. கட்டட்டும். சுத்திப் பாக்க வர்றவங்கல்லாம் அரண்மனை வாசல் லாட்ஜுலயே தங்கிட்டா, இவ்ளோ மேட்டுல இருக்கற என் வீட்டுக்கு எவன் சார் வருவான்? அதான்... லேசா ஒரு வார்த்த விட்டேன். நீங்க படுத்த ரூம்லதான் இளைய ராணி தங்கியிருந்தாங்கன்னு. கட்டிலுக்கு மேல ஒரு ஓட்டை இருக்குல்ல? அது வழியாத்தான் ராஜா ரூம்ல வெளக்கு எரியுதான்னு பாத்துப் பாத்து அழுவாங்கன்னு. எங்கப்பா சார், அடுப்புப் புகை வெளிய போகக் கடப்பாரையால இடிச்ச ஓட்டை அது.

கேட்டவங்க கண்ணு கலங்கிடுச்சு. சொன்ன எனக்கும் கலங்கிடுச்சு, அதான் கொடுமை. அப்புறம் தொல்லியல் ஆபீசர் வந்தாரு. அவர்கிட்டயாவது வாய மூடிட்டு இருந்தேனா? டீயும் குடுத்து, ராணியோட அழுகையையும் சேத்துக் குடுத்தேன். அடுத்த மாசமே என் வீடு பாதுகாக்கப்பட்ட சின்னம்னு போர்டு வந்துடுச்சு.

என் சம்சாரத்துக்கு முட்டி வலி சார். குளியலறைக்கு இந்தப் படியத்தான் எறங்கணும். ஒருநாள் வழுக்கி விழுந்துட்டா. வீட்டுக்குள்ளயே ஒண்ணு கட்டலாம்னா, செவுத்தத் தொடக் கூடாது. ஓடிப்போய் ஆபீசர்கிட்ட அத்தனையும் புளுகுன்னு சொன்னேன். போர்டு மாட்டின வீட்டுக்காரங்க எல்லாரும் இதைத்தான் சொல்றாங்கன்னுட்டாரு. பொய்ய உடனே நம்பின மனுஷன் சார்!

இவ பெட்டியக் கட்டிட்டுத் தம்பி வீட்டுக்குப் போயிட்டா. "அந்த ராணியோடயே குடித்தனம் பண்ணுங்க"ன்னா. வீடே வெறிச்சுனு கெடக்கு. அதான் உங்கள இப்படி நிக்க வச்சுப் பேசறேன்.

போங்க சார், போங்க. தண்ணி ஆறிடுச்சா? பாத்து, கடைசிப் படி ஆடும். செவுருதான் போச்சு, அந்தப் படியையாவது இடிச்சு சிமெண்ட் போட்டு, புடிச்சுக்க ஒரு கம்பியும் வச்சு அவளக் கூட்டிட்டு வந்துடணும்.

எதுக்கு அப்படித் தேஞ்சிருக்குன்னா கேக்கறீங்க? அதுவா... இளைய ராணி தெனமும் அதுலதான உக்காந்து...

சார். செல்போன உள்ள வைங்க சார். போட்டோல்லாம் வேணாம். ஐயோ, யாருக்கும் அனுப்பிடாதீங்க சார்...