ரயில் வரும்போது ஜன்னலைத் திறந்த உபாத்தியாயருக்கு

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே கூலிக்காரர் குடியிருக்கும் லயத்தை அடுத்த நம் தமிழ்ப் பாடசாலையிலே 1908ஆம் வருஷம் காலடி வைத்து, இன்று 1935ஆம் வருஷத்தில் ஓய்வு பெற்றுச் செல்லும் மகா-ள-ள-ஸ்ரீ சின்னையா உபாத்தியாயர் அவர்கள் சமுகத்துக்கு, உடன் பணிபுரியும் உபாத்தியாயர்கள் உள்ளன்போடு வாசித்தளிக்கும் மடல்.

அன்பின் அருங்கலமே! பண்பின் பெருநிலமே! பிஞ்சு நெஞ்சங்களைப் பிரியத்தால் பிணித்த பெருந்தகையே! வணக்கம்!

மேற்கண்ட அடைமொழிகளை நம் இளைய உபாத்தியாயர்கள் மூன்று சாயங்காலம் முட்டி மோதி எழுதினார்கள். இன்னும் பதினொன்று இருந்தன. தங்களைக் கடலென்றார்கள், மலையென்றார்கள். ஐந்தடி உயரமும் முழங்கால் வலியும் உள்ள மனிதரை மலையென்றால் பிள்ளைகள் சிரித்துவிடுவார்கள் என்று நான்தான் அவற்றைக் கோடிட்டு அடித்துவிட்டேன். தலைமை உபாத்தியாயன் ஜெயராஜ் ஆகிய நான் மீதியை என் கையாலேயே எழுதினேன். மற்றவர்கள் கேட்டு, சம்மதித்து, கையெழுத்திட்டார்கள். இம்மடலில் பாராட்டோடு ஒரு மன்னிப்பும் கேட்க வேண்டியிருக்கிறது. அதைத் தாங்கள் தருவீர்களா என்பது எனக்குத் தெரியாது.

அந்த நாளில் நம் பாடசாலை அத்தாப்பு ஓலைக் கூரையும் பலகைத் தரையுமாக, தண்டவாளத்துக்குப் பத்தடி தள்ளி நின்றது. கிள்ளான் வண்டி கடந்தால் சிலேட்டுகள் அதிரும். நாற்பது தலைகளும் ஒருசேரத் திரும்பும். அந்தத் தலைகளைத் திருப்பி வைக்க எங்களுக்குத் தெரிந்த ஒரே வழி பிரம்பு. ஜன்னலை அடைத்தும் பார்த்தோம். புழுக்கத்தில் பிள்ளைகள் தூங்கிப்போனார்கள். தாங்களோ தூரத்தில் சத்தம் கேட்டதுமே எழுந்துபோய் ஜன்னலை அகலத் திறந்துவிடுவீர்கள். எத்தனை பெட்டி? நேற்றைவிட எத்தனை நிமிஷம் தாமதம்? அப்படியானால் கிள்ளானில் எத்தனை மணிக்குப் புறப்பட்டிருக்கும்? கணக்கென்றாலே வயிற்றுவலி வந்துவிடும் பக்கிரிசாமிக்கு, அப்பா கைகாட்டி வேலை பார்த்தவராதலால், வண்டி நேரம் அத்தனையும் மனப்பாடம். ஒரே மாதத்தில் அவன் வகுப்புக்கே கழித்தல் சொல்லிக்கொடுத்தான். இன்று அதோ மூன்றாம் வரிசையில் ஸ்டேஷன் குமாஸ்தா உடுப்போடு உட்கார்ந்திருக்கிறான். உட்கார்ந்திருக்கிறார் என்று சொல்ல வேண்டும்.

காலையில் முதல் கால்மணி நேரம் தங்கள் வகுப்பில் சிலேட்டு எடுக்கப்படாது. ஒவ்வொரு பிள்ளையாகப் பக்கத்தில் போய், ஆடு குட்டி போட்டதா, தம்பிக்கு அம்மை இறங்கிவிட்டதா, அண்ணனுக்கு அம்பாங்கில் வேலை கிடைத்ததா என்று கேட்பீர்கள். நேற்றுச் சொன்ன பதிலை இன்று மறந்துவிடாமல் கேட்பீர்கள். நாங்கள் அதற்குக் குசலப் பிரசங்கம் என்று பெயர் வைத்துக் கேலி செய்தோம். அந்தப் பிரசங்கத்துக்குப் பிறகு அதே பிள்ளைகள் வாய்ப்பாட்டை ஓட ஓடச் சொன்னதைக் கேட்டும் கேளாததுபோல் இருந்தோம்.

இனிச் சொல்லப்போவது 1915ஆம் வருஷத்துச் சங்கதி. வீரம்மா என்ற ஒன்பது வயதுப் பெண் தினமும் பிந்தி வந்துகொண்டிருந்தாள். ஒருநாள் தாங்களும் பொறுமை இழந்தீர்கள். எங்களைப்போலவே பிரம்பை எடுத்து அவள் உள்ளங்கையில் நான்கு அடி கொடுத்தீர்கள். மறுநாள் முதல் அவள் வரவில்லை. தாய் மாரியாயி காய்ச்சலில் கிடப்பதும், குழாயடியில் தண்ணீர் பிடித்து, கஞ்சி காய்ச்சி வைத்துவிட்டு அந்தப் பிள்ளை ஓடி வந்ததும், ஐந்தாம் நாள் மற்றப் பிள்ளைகள் சொல்லித்தான் தெரிந்தது. அன்று மத்தியானமே லயத்துக்குப் போனீர்கள். அங்கே நடந்ததை மாரியாயியே பின்னாளில் என்னிடம் சொன்னார்.

"நான்தாம்மா தப்பு பண்ணிட்டேன். பள்ளிக்கூடத்துக்கு வா" என்றீர்களாம்.

வீரம்மா கஞ்சிப் பானையை விட்டு நிமிரவேயில்லையாம். "அடிக்கையில எல்லாப் பிள்ளைங்களும் பாத்துச்சுங்க. இங்க எங்க ஆத்தா மட்டுந்தானே பாக்குது" என்றாளாம்.

"வாத்தியாரையாகிட்ட இப்படியாடி பேசுவ?" என்று மாரியாயி படுத்தபடியே அதட்ட, தாங்கள் கையமர்த்தி, "விடும்மா, அது சொல்றது நியாயந்தான்" என்றீர்களாம்.

மறுநாள் காலை மூன்றாம் வகுப்பில், நாற்பத்தொரு பிள்ளைகள் முன்னிலையில், தாங்கள் எழுந்து நின்று வீரம்மாவிடம் மன்னிப்புக் கேட்டீர்கள். ஐந்தாம் வகுப்பு முடியும்வரை அவள் ஒருநாள்கூடத் தவறவில்லை. ஆனால் தடுப்புப் பலகைக்கு இந்தப் பக்கம் என் வகுப்பு இருந்தது. தாங்கள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்குக் கேட்டது. என் பிள்ளைகளுக்கும் கேட்டது. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. என் வகுப்பில் மூச்சுச் சத்தம்கூடக் கேட்காது. அதுவே மரியாதை என்று நம்பியிருந்தேன். வாத்தியார் ஒருவர் கூலிக்காரி மகளிடம் மன்னிப்புக் கேட்டால் நாளைக்கு நம்மை எவன் மதிப்பான் என்று பயந்தேன். ஐந்து உபாத்தியாயர்கள் கூடி நிர்வாகிகளுக்கு ஒரு மகஜர் அனுப்பினோம். கையெழுத்து அழகாயிருக்கும் என்று என்னை எழுதச் சொன்னார்கள். சொல்லாவிட்டாலும் நானே எழுதியிருப்பேன். வகுப்பை அடக்கத் தெரியாதவர், பிள்ளைகளைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறவர், பாடசாலையின் மானத்தை வாங்கியவர் என்றெல்லாம் எழுதினேன். அந்த வருஷம் தலைமை உபாத்தியாயர் பதவி தங்களுக்கு வரவேண்டியது. மகஜரைப் பார்த்த நிர்வாகிகள் அதை வேறொருவருக்குக் கொடுத்து, தங்களைக் காஜாங் பக்கத்துத் தோட்டப் பள்ளி ஒன்றுக்கு மாற்றினார்கள். மகஜரைத் தங்கள் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லிவிட்டுத்தான் உத்தரவைக் கொடுத்தார்களாம். என் எழுத்தைத் தாங்கள் அறியாதவரல்ல.

மூன்று வருஷம் கழித்துத் திரும்பி வந்த அன்று, தடுப்புப் பலகைக்கு மேலே எட்டிப் பார்த்துத் தாங்கள் கேட்டது இதுதான்: "தம்பி ஜெயராஜு, சௌக்கியமா? பயலுக சத்தத்தையே காணோமே, எல்லாருக்கும் உடம்புக்கு முடியலையா?"

உண்மையில் பயல்களையே காணோம். முப்பத்தாறு பேரில் பத்தொன்பது பேர் படிப்பை விட்டு நின்றுவிட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் தாங்கள் சிரிப்பை நிறுத்திவிட்டு, "வா, வீடு வீடாப் போயிட்டு வருவோம்" என்று குடையை எடுத்தீர்கள். முதல் வீட்டு வாசலில் நின்றபோது, இரண்டு வருஷம் என்னிடம் படித்த பிள்ளையின் தகப்பனார் பெயர்கூட எனக்குத் தெரியவில்லை. காஜாங்கிலிருந்து வந்த தங்களுக்குத் தெரிந்திருந்தது. எட்டு நாள் நடந்தோம். பதினான்கு பேர் திரும்பி வந்தார்கள். அந்த எட்டு நாளும் மகஜரைப் பற்றித் தாங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கும் வாய் வரவில்லை. நான் வாத்தியார் வேலை கற்றுக்கொண்டது அந்த எட்டு நாளில்தான், ஐயா.

தங்களுக்கு வரவேண்டிய நாற்காலியில் ஒன்பது வருஷமாக நான் உட்கார்ந்திருக்கிறேன். தாங்கள் உதவி உபாத்தியாயராகவே ஓய்வு பெறுகிறீர்கள். இந்தச் சங்கதியைத் தனியாகச் சொல்லிக்கொள்ளலாமே, விழா நாளில் எதற்கு என்று ரெங்கசாமி உபாத்தியாயர் என்னிடம் கேட்டார். அவரும் அந்த ஐவரில் ஒருவர். மற்ற மூவரில் இருவர் காலமானார்கள், ஒருவர் நாகப்பட்டினத்துக்குப் போய்விட்டார். பிறகு அவரே, "சரி, படிங்க. நானும் கூட எந்திரிச்சு நிக்கிறேன்" என்றார்.

இதோ, இருவரும் நிற்கிறோம். பிள்ளைகளே, நீங்களும் கேளுங்கள். இவரைப் பற்றி நாங்கள் எழுதியது பொய். இவர் செய்தது சரி. பொறாமையும் பயமும் எங்கள் கண்ணை மறைத்தன. எங்களை மன்னித்துவிடுங்கள், ஐயா.

தாங்கள் மனையாள் சீதாலெட்சுமி அம்மையாரோடும் மக்களோடும் நோய்நொடி அண்டாது, நல்ல உறக்கமும் நல்ல பசியும் குறையாது, நூறு பிராயம் கண்டு வாழ எல்லாம் வல்ல இறைவனை வேண்டுகிறோம்! தங்கள் பெயர் சொல்லும் பிள்ளைகள் இப்பட்டணம் எங்கும் பல்குக!

விழாவுக்கென்றும் கண்ணாடிச் சட்டம் போடுவதற்கென்றும் இரண்டு மடல் எழுதலாம், சட்டத்துக்குள் புகழ்ச்சி மட்டும் இருக்கட்டும் என்று சிலர் யோசனை சொன்னார்கள். நான் ஒன்றுதான் எழுதினேன். முழுவதையும் கண்ணாடி போட்டுத் தருகிறோம். தங்களுக்குப் பிரியமிருந்தால் எடுத்துச் செல்லுங்கள். இல்லையென்றால் இந்த மேசைமேலேயே விட்டுப் போங்கள். உபாத்தியாயர் அறையில், என் நாற்காலிக்கு எதிரே மாட்டிக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஜெயராஜ், ரெங்கசாமி,
மற்றும் பாடசாலை உபாத்தியாயர்கள்