சாரலுக்குப் போட்ட லீவு

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் பஸ்ஸில், பட்டாளத்து கிராப் வைத்த ஒருவர் பக்கத்து சீட்டுப் பெரியவரிடம் சொல்லிக்கொண்டு வந்தார்.

“பொறக்கப்போற பிள்ள என்னுதுதான்னு சாட்சி சொன்னது அருவிக்கரையில எண்ணெய் தேய்க்கிற ஆளு, அண்ணாச்சி.”

“அவரு எதுக்குவே சொல்லணும்?”

“பார்டர்ல காவல் நிக்கவன், சாரலுக்கு லீவு போட்டு எங்கம்மாவுக்குத் தெரியாம ஒளிஞ்சு வந்தேன். பொண்டாட்டிய அவ அம்மா வீட்டுல இருந்து கூட்டிக்கிட்டு, குற்றாலத்துல ரூம் எடுத்துத் தங்கிட்டு, அப்படியே திரும்பிட்டேன். இப்ப அவ முழுகாம இருக்கா. ‘எம்மவன் ஊருக்கே வரலையே’ன்னு எங்கம்மா மாசத்த எண்ணுதா. மறுபடியும் லீவு போட்டு ஓடி வந்து, அந்த ஆள வீட்டுக்கே கூட்டிட்டுப் போனேன். ‘இந்த முதுக நாந்தான் தேய்ச்சேன், இந்தப் பொண்ணு துண்டோட நின்னுச்சு’ன்னுட்டாரு.”

“ஒங்கம்மா நம்புனாளா?”

“பிள்ள என்னுதுன்னு நம்பிட்டா. நான் அவ பிள்ளைன்னுதான் இப்ப நம்ப மாட்டேங்கா.”