சத்தம் அடங்கின டேங்க்

ஹலோ... ஹர்ஷா தம்பீங்களா?... பங்காரு ஐயாவா! வணக்கமுங்க ஐயா, ஷாநவாஸ் பேசறனுங்க... சிங்காநல்லூர் ஒர்க்‌ஷாப்பு ஷாநவாஸுங்க... ஆமாங்க, ஆமாங்க, நல்லாருக்கனுங்க. சாப்டாச்சுங்களா?... சரீங்க... சரீங்க ஐயா. தம்பி பக்கத்துல இருந்தா சித்த போனக் குடுங்களேன்...

ஓ... கூட வந்த ஜீப்பு ஆத்துக்குள்ள மாட்டிக்கிச்சுங்களா... கயிறு கட்டி இழுக்கக் கீழ எறங்கிப் போயிட்டாரு... சரீங்க. நீங்க இப்ப எங்கீங்க?... வண்டிக்குள்ளயேவா? பின் சீட்டுலயா?... ஆமாங்க, ஆபரேசன் பண்ணின முட்டி, காலை நீட்டி உக்காந்தாத்தான் ஆகும்...

ஐயா, எஞ்சின் ஓடற சத்தம் கேக்குதுங்களே?... டேங்குல காத்து ரொம்பட்டும்னு ஓட உட்டுட்டுப் போனாருங்களா... ஆமாங்க, பாறையில ஏறோணும்னு டயர்ல காத்தக் கொறச்சிருப்பாரு, தார் ரோட்டுக்கு வந்தா மறுபடி அடிக்கோணும். அதுக்குத்தானுங்க ஏசி கம்ப்ரசரயே காத்தடிக்கறதுக்கு மாத்திக் குடுத்தேன்... ஆமாங்க, ஏசி இல்லாம வேகத்தான் செய்யும். மன்னிச்சுக்குங்க... எவ்வளவு நேரமா ஓடுதுங்க?... அவ்வளவு நேரமாவா!

ஐயா, கோச்சுக்காதீங்க, ஒண்ணு கேக்கறனுங்க. உங்க சீட்டுக்கடியில இருக்கற டேங்குல, உஸ்ஸுனு ஒரு சத்தம் வந்துட்டே இருந்துச்சுங்களாமா?... ஆமாங்க... நீங்கதான் அடைக்கச் சொன்னீங்களா... தெரியுமுங்க, உங்க மில்லு பிட்டரு தமிழ்வேந்தன் இங்கதான் என் முன்னால நிக்கறான். வால்வக் கையில கொண்டாந்து, "பாய், இது ஒழுகுச்சு, கழட்டிட்டு ஓட்டைக்கு டம்மி மூடி போட்டு, அது மேல வெல்டும் வெச்சுப்போட்டேன், வேற நல்லதா ஒண்ணு குடு"ங்கறான்...

இல்லீங்க, அவன வையலீங்க. உங்க சோமனூர் மில்லுல அதுதான் பழக்கம், எனக்குத் தெரியாதுங்களா. காத்துல நெய்யற ஏர்ஜெட் தறி ஓடற எடத்துல காத்து ஒழுகுனா கரண்டு வீணு. எங்க உஸ்ஸுனாலும் டம்மியப் போட்டு அடைன்னு நீங்க... ஆமாங்க, மில்லு நடத்துன ஆளு நீங்க, உங்களுக்கு நான் சொல்லோணுமா...

ஐயா, அது ஒழுகலீங்க. அது சேப்டி வால்வுங்க. டேங்கு ரொம்புனா கம்ப்ரசர் தானா நிக்கோணும். நிறுத்தற சுவிட்ச் கெட்டுப்போச்சாட்ட இருக்குது. அதனாலதான் அந்த வால்வு மிச்சக் காத்த வெளிய உட்டுட்டே இருந்துச்சு. அதையும் அடைச்சாச்சு. இப்பக் காத்து நிக்காம ஏறிட்டே இருக்குதுங்க, உங்களுக்கு அடியில...

ஆமாங்க... சாவியத் திருப்பி ஆஃப் பண்ணுங்க... பேட்டரி வீக்கு, ஆஃப் பண்ணக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போனாரா... பரவால்லீங்க, நானே வேற பேட்டரியோட வாரேன்... ஐயா, முன்னால ஸ்டேரிங்குகிட்ட ரவுண்டா ஒரு மீட்டரு தெரியுதுங்களா? ஊசி எங்க நிக்குது?... செவப்புலயா?... செவப்பையும் தாண்டி... அதுக்கு மேல போக வழியில்லாம முட்டிட்டு நிக்குதுங்களா...

யா அல்லா.

ஐயா, சாவிய உட்டுருங்க. எதையும் தொடாதீங்க. ஆஃப் பண்ணுனாலும் உள்ள ஏறுன காத்து அப்படியேதான் இருக்கும். கீழ எறங்கிருங்க... இல்லீங்க, பையன் வந்து கையப் புடிக்கட்டும்ங்கற பேச்சே வேண்டாமுங்க... வலிக்குமுங்க, தெரியுது... உங்க மில்லுல வெச்ச வெல்டு உடாதுங்களா? ஐயா, வெல்டு வெச்ச எடந்தானுங்க மொதல்ல உட்டு டேங்கே வெடிக்கும்... சத்தமே இல்லாம ஜம்முனு இருக்குதுங்கறீங்களே, அதுதானுங்க பயம்... ஐயா, ஒரு நிமிசம்... நாஞ் சொல்றதச் சித்த... ஐயா...

யோவ்! எந்திரிய்யா! கால் போனாப் போகுது, வெளிய போய்யா! செத்துத் தொலையப் போறே! கதவத் தொற!

... ஆமா. உன்னத்தான் சொன்னேன்... மருவாதியா? ஆமா, மருவாதி கெட்ட பயதான். எறங்குனயா?... எறங்கிட்டீங்களா? வையறத நடந்துட்டே வையுங்க... ஆமாங்க, உங்க மில்லு வாசல்ல கைகட்டி நின்னவந்தான்... ஆமாங்க, ரெண்டு ஸ்பேனர் புடிச்சதும் திமிரு வந்துருச்சு... நிக்காதீங்க, வெசையா நடங்க... இனி உங்க வாசப்படி மிதிக்கலீங்க, சரீங்க, இன்னும் அக்கட்டால போங்க. பெரிய பாறை ஏதாச்சும் இருக்குதுங்களா?... அதுக்குப் பின்னால போய் உக்காருங்க... நல்லா மறைவா...

உக்காந்துட்டீங்களா? அல்ஹம்துலில்லா... இல்லீங்க, அழுகலீங்க... ஆமாங்க, அழுகறேன். உங்களப் பாத்து அப்படிப் பேசிப்போட்டனே. நேர்ல வந்து எத்தன வேணா திட்டு வாங்கிக்கறனுங்க... இப்ப மெதுவாப் பேசுங்க, மூச்சு வாங்குது பாருங்க...

என்னங்க?... தம்பி மேல ஏறி வந்துட்டாருங்களா? நல்லதாப் போச்சு, உங்ககிட்டக் கூப்புட்டுக்குங்க... வண்டிக்கா ஓடறாரு? எதுக்குங்க?... நீங்க போட்ட சத்தத்தக் கேட்டு... உங்களுக்கு என்னமோ ஆயிப்போச்சுன்னு... நீங்க வண்டிக்குள்ள இல்லைனு அவருக்குத் தெரியாதுங்களே!

கூப்புடுங்க ஐயா! எந்திரிச்சு... வேண்டாம், நீங்க எந்திரிக்காதீங்க, அங்கிருந்தே கத்துங்க! ஹர்ஷான்னு கத்துங்க!... இத்தன நேரம் என்னை அந்தக் கத்து கத்துனீங்களே... தொண்டை கட்டிக்கிச்சுங்களா... கல்லெடுத்து எறிங்க, கைய ஆட்டுங்க... திரும்பிப் பாக்கறாருங்களா?... பின் கதவுலயா கைய வெக்கறாரு?...

ஐயா?

ஐயா, அது என்ன சத்தமுங்க, வெடிச்சாப்புல?... ஐயா... எஞ்சின் சத்தத்தக் காணமே... பங்காரு ஐயா, பேசுங்க...

கேக்குதுங்க. இப்பக் கேக்குதுங்க ஐயா, ஹர்ஷா ஹர்ஷான்னு நீங்க கூப்புடறது நல்லாக் கேக்குது... தம்பி ஏதாச்சும் சொல்றாருங்களா?... ஐயா, கிட்டப் போகாதீங்க... கூப்புட்டுட்டே இருக்கறீங்களே, அவரு என்ன சொல்றாருங்க?...

ஹலோ... ஐயா... ஹலோ...