சீல் போட்ட பெட்டி

ஏ.சி.யை இருபத்துநாலில் வைத்தால் போதும். அதற்குக் கீழே இறக்கினால் குளிர் கூடாது, கரண்ட் பில்தான் கூடும். இதைப் பசங்களிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். பெனிஸ்டன் மட்டும்தான் கேட்பான். நல்ல பையன், மேடம். அவனைப் பற்றி ஒரு குறை சொல்ல மாட்டேன்.

ஏன் செய்தாய் என்று கேட்டீர்கள். சொல்கிறேன்.

நான் கன்டெய்னர் யார்டில் சீல் போட்டுக்கொண்டிருந்தவன். சரக்கு ஏற்றிக் கதவை அடைத்ததும், தாழ்ப்பாளில் ஓர் இரும்பு ஆணியைச் செருகி அதன் தலையில் மூடியை அழுத்த வேண்டும். டக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். அதற்குச் சாவி கிடையாது. பெரிய கட்டர் வைத்து அறுத்தால்தான் திறக்கும். அறுத்தவன் உள்ளே இருக்கிற சரக்குக்கு முழுப் பொறுப்பு. அதனால் யார்டில் வேலை பார்த்த எவனும் அடுத்தவன் சீலில் கை வைக்க மாட்டான்.

அந்த வேலையை விட்டுவிட்டுத்தான் டீம் ஆரம்பித்தேன். நாலு பேராகச் சேர்ந்து செல்போனில் சுடுகிற விளையாட்டு. முத்தையாபுரத்தில் லாரி நிறுத்துகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய கன்டெய்னர் பெட்டியை வாங்கிப் போட்டு, உள்ளே பிளைவுட் அடித்து, ஏ.சி.யும் வைஃபையும் வைத்தேன். யார்டில் எல்லோரும் சிரித்தார்கள். "வேல்ராஜு, பயலுவ பப்படம் சுடுத மாதிரி சுடுதானுவளாம், நீரு காவல் இருக்கீராம்லா" என்பார்கள். சிரிக்கட்டும் என்று விட்டேன்.

பெனிஸ்டன் விசைப்படகுக்காரர் அம்புரோஸின் மகன். கடலுக்குப் போனால் வாந்தி எடுப்பான். போனைக் கையில் எடுத்தால் அவன் வேறு ஆள். அவன் வந்த பிறகு நாங்கள் தோற்றதை விட ஜெயித்ததுதான் அதிகம். ஆனால் ஜெயித்து என்ன? மும்பைப் பையன் முதல் சுற்றில் வெளியே போனாலும் அவன் சட்டையில் இடமில்லாத அளவுக்குக் கம்பெனிப் பெயர். எங்களுக்குக் காயல்பட்டினத்தில் துபாயிலிருந்து வந்த ஒருவர் பனியன் எடுத்துக் கொடுத்தார். பிரியாணிக் கடைக்காரர் பேனர் அடித்தார், அதிலும் பிரியாணிதான் பெரிதாக இருந்தது.

ஒரு ஹெட்போன் கம்பெனியைப் பார்க்கச் சென்னைக்குப் போனேன். ரம்யா என்று ஒரு பெண் அதிகாரி. அவர் முதுகுக்குப் பின்னால் சுவரில் இந்தியா மேப். ஸ்பான்சர் செய்கிற ஊர்களில் எல்லாம் சிவப்பு ஊசி குத்தியிருந்தார்கள். மும்பை, டெல்லி, ஹைதராபாத்தில் ஊசி குத்த இடமில்லை. மதுரைக்குக் கீழே ஒன்றுகூட இல்லை. கடல்தான் இருந்தது.

"பாக்குறவங்கள்ல உங்க பக்கத்து ஆளுங்க நிறைய இருக்காங்கண்ணா. ஆனா பிராண்டு பெரிய ஊர்லதான் நிக்கும்" என்றார் அவர். பிறகு பெனிஸ்டன் ஆடிய வீடியோவைப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார். "இந்தப் பையன் உங்ககூட இருக்கிற வரைக்கும் நாங்களும் இருக்கோம்" என்றார். என் கண் முன்னாலேயே எழுந்துபோய்த் தூத்துக்குடியில் ஓர் ஊசியைக் குத்தினார்.

அதைப் பார்த்தவனுக்குத்தான் தெரியும், மேடம்.

சிக்கல் அங்கேதான் தொடங்கியது. அவனைப் பார்த்த கம்பெனிக்கு எங்களைப் பிடித்தது போல, ஹைதராபாத் டீம் ஒன்றுக்கு அவனைப் பிடித்துவிட்டது. தங்க இடம், சாப்பாடு, பயிற்சியாளர், எல்லாம் தருகிறார்கள். குறிப்பிட்ட நாளுக்குள் போய்ச் சேராவிட்டால் அடுத்த ஆளை எடுத்துவிடுவார்கள். அவன் போனால் ஊசி போய்விடும். நான் எங்கே போவது? திரும்ப யார்டுக்கா? எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான்.

கிளம்புகிற அன்று காலையில் சொல்லிக்கொள்ள வந்தான். கையில் எங்கள் ஊர் மக்ரூன் மிட்டாய்ப் பொட்டலம்.

"அண்ணாச்சி, இது ஒங்களுக்கு இல்ல. அங்கன உள்ளவனுவளுக்கு. ஒங்களுக்கு ஹைதராபாத் பிரியாணி பார்சல் போடுதேன்."

"வாரதுக்குள்ள ஊசிப் போவும்லே" என்றேன். சிரித்தான்.

"ஏலே, பெட்டிக்குள்ள நின்னு ரெண்டு வார்த்தை பேசி வீடியோ எடு. நம்ம சேனல்ல போடணும்."

"மதியம் பிளைட்டு அண்ணாச்சி. அழ வச்சிராதிய."

வழக்கம்போலத் தன் போனைக் கதவுக்கு வெளியே தொங்கும் பையில் போட்டுவிட்டு உள்ளே போனான். பயிற்சி நேரத்தில் சொந்தப் போன் கூடாது என்பது நான் வைத்த சட்டம். டீம் போனில் சிம் கிடையாது, வைஃபை மட்டும்தான். அவன் டீம் போனை நிமிர்த்தி வைத்து முடியைச் சரி செய்துகொண்டிருந்தபோது நான் இரண்டு கதவையும் சாத்தி, தாழ்ப்பாளைத் தள்ளி, சீலை அழுத்தினேன்.

மதியம் வரைக்கும்தான் என்று நினைத்தேன். உள்ளே ஏ.சி. ஓடுகிறது, தண்ணீர் பாட்டில் இருக்கிறது. கோபப்படுவான், அப்புறம் சரியாகிவிடுவான்.

சீல் போட்டு ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, பத்து மணி வாக்கில் கரண்ட் போனது. ஏ.சி. நின்றது. வைஃபையும் நின்றது. மே மாதம், மேடம். யார்டில் அந்த வெயிலில் பெட்டித் தகரத்தைத் தொட்டால் தோல் உரியும்.

லாரி நிறுத்தத்து வாட்ச்மேன் இசக்கியப்பன் போன் செய்தார். அவரும் யார்டில் இருந்தவர்தான்.

"வேல்ராஜு, ஒம்ம பெட்டிக்குள்ள என்னமோ தட்டுத மாதிரி கேக்கு. ஆளு இருக்கா?"

"ஆளு ஏது அண்ணாச்சி? சீல் கெடக்கா?"

"கெடக்கு."

"அப்புறம் என்ன? வெயிலுக்கு பிளைவுட்டு விரியும். சத்தம் போடத்தான் செய்யும்."

"அறுத்துப் பாக்கட்டுமாவே?"

"சீல்ல கை வைக்காதிய. உள்ள கம்பெனிப் பொருளு கெடக்கு. பொறவு நீங்கதான் பதில் சொல்லணும்."

அவர் கை வைக்கவில்லை. அவர் மேல் தப்பில்லை, அவரை விட்டுவிடுங்கள்.

மதியம் விமானம் கிளம்பிவிட்டது என்று என் போனில் பார்த்தேன். திறக்கலாம் என்று கட்டரை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினேன். அப்போதுதான், நாளைக்கும் ஒரு விமானம் இருக்கிறதே என்று தோன்றியது. ஹைதராபாத்காரன் ஒரு நாள் பொறுக்க மாட்டானா? வண்டியிலிருந்து இறங்கி வீட்டுக்குள் போய்ச் சாப்பிட்டேன். சாயங்காலம் போய் அறுத்தேன். கதவை ஒட்டிக் கிடந்தான், மூச்சு இல்லை.

எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். கரண்ட் போகும் என்பது எனக்குத் தெரியும். மாதாந்திர மின்தடை, மாலை வரைக்கும் என்று காலையிலேயே டீக்கடையில் பேப்பரில் படித்திருந்தேன். பூட்டும் என்னிடம் இருந்தது. பூட்டு என்றால் சத்தம் கேட்டு யாராவது உடைத்திருப்பார்கள். சீல் என்றால் உடைக்க மாட்டார்கள். அதனால்தான் சீல் போட்டேன்.

ஆனாலும் நீங்கள் என்னைப் பார்க்கிற பார்வை சரியில்லை, மேடம். டீம் போனில் அவன் பேசியது பதிவாகியிருந்ததை நேற்று நீங்கள்தான் எனக்குப் போட்டுக் காட்டினீர்கள். முதலில் தட்டுகிற சத்தம். அப்புறம் அவன் குரல். "அண்ணாச்சி, வெளையாடாதிய. தெறங்க. நான் போவல அண்ணாச்சி. சத்தியமா எங்கயும் போவல."

நீங்களும் கேட்டீர்களே. யாரும் கட்டாயப்படுத்தாமல் அவன் வாயாலேயே சொன்னான். அதை மட்டும் வாக்குமூலத்தில் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். இந்த ஊரை விட்டுப் போக அவனுக்கே மனசு இல்லை.