சிறந்த குடியிருப்பாளர் விருது

செவ்வாய்க்கிழமை காலை பழவங்காடியில் பஸ்ஸுக்கு நின்றபோது, பின்னால் நின்ற இரு பெண்களில் இளையவள் சொன்னாள்: "அந்த விருதை வாங்கினா வீடு போயிரும், எக்கா."

அரசு வாடகைக் குடியிருப்பில், சிறந்த குடியிருப்பாளருக்குத் தரும் விருது அது.

"குப்பை, மோட்டாரு ரிப்பேரு, பிள்ளைகளுக்கு டியூஷன், எல்லாம் நீதானேட்டி பாக்குற? பின்னே யாருக்குக் குடுப்பாவ?"

"ஃபிளாட்டு அண்ணன் பேருலயில்லா இருக்கு. அவன் நாகர்கோவில் போயி எத்தனை வருஷமாச்சு! என் போட்டோவைப் பாத்தா, இவ யாருன்னு ஆபீசுல கேக்க மாட்டாவளா?"

"அப்பம் மேடையில யாரு ஏறுவா?"

"அண்ணன்தான். மோட்டாரு எங்க இருக்குன்னு நேத்து போன்ல கேட்டான்."

மூத்தவள் சிரித்தாள். "நீ போவலியா?"

"போவாம? நாற்காலி போட அங்க வேற யாரு இருக்கா?"